தறிக்கூடத்தில் பேசியது

அந்த வீட்டில் சண்டையே கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லாமல் என்ன, நாளுக்கு நாலு நடந்தது. சத்தம்தான் வெளியே வராது. புருஷன் மில்லில் ஜாபராக இருந்தவர். ஜாபர் என்றால் தறி மக்கர் செய்தால் ஸ்பானரோடு வந்து அதன் அடியில் படுக்கிறவர். முப்பத்திரண்டு வருஷம் இருநூறு தறிகளுக்கு நடுவில் படுத்தெழுந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. பெண்டாட்டி நெசவு. மற்றப் பெண்கள் இரண்டு தறி ஓட்டிய காலத்தில் அவள் நாலு ஓட்டினாள். மில் மூடி இருபது வருஷம் ஆகியும் தெருவில் அவளுக்கு நாலுதறி என்றுதான் பேர்.

தறிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாருக்கும் உதட்டுப் பேச்சுதான். குரலே இல்லாமல் வாயை அசைப்பார்கள்; எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்து வாங்கிக்கொள்வார். நாற்பதடி தள்ளி நின்று ஒரு வீட்டுக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாசத்தில் யாருக்கும் அது வந்துவிடும். அந்தப் பேச்சை இவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின் மேஜை இழுப்பறையில் பஞ்சு சுற்றிக் கிடந்தது. ஏன் போடுவதில்லை என்று கேட்டால் ஜாபர், "அதைப் போட்டா எல்லாம் கேக்குதே" என்பார்.

அன்றைக்குக் காலையில் நாலுதறி புருஷனின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, உதட்டால் கேட்டாள்: "அவ வருவாளா?"

"நாலு தடவை கேட்டுட்டே."

"அஞ்சாவது தடவை கேக்கறேன். வருவாளா?"

"வந்தா வரட்டும். வரலைன்னா போகட்டும். எனக்கு முட்டையை வேக வெச்சுத் தா."

அவள் என்றது தங்கையை. தங்கை இருந்தது இரண்டு தெரு தள்ளி. முப்பத்தொன்பது வருஷமாக அக்காவோடு பேச்சில்லை. கடையில் எதிரே வந்தால் வாங்கின சாமானை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஜாபரை அவள் பேர் சொல்லிக்கூடச் சொல்வதில்லை, "அந்த ஆளு" என்பாள். அந்தத் தங்கை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வெளிதேசத்தில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப்போகிறாள், அடுத்த புதன்கிழமை டிக்கெட் என்று தையல்காரர் மூலம் சேதி வந்திருந்தது. போனால் போனதுதான், அறுபத்து மூன்று வயசில் திரும்பி வருகிற போக்கா அது? அதற்குள் அவள் வாயிலிருந்து தன் புருஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது நாலுதறியின் நினைப்பு. மில்லை அருங்காட்சியகமாக மாற்றி, பழைய தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். அங்கேயாவது நேருக்கு நேர் நின்றுவிடலாம்.

சண்டை இதுதான். மேலிடத்தில் திடீரென்று இனி எல்லாரும் நாலு தறி ஓட்ட வேண்டும் என்றார்கள். ஒரு பெண்பிள்ளை ஓட்டுகிறாளே, உங்களுக்கு என்ன கேடு என்று நாலுதறியைத்தான் கை காட்டினார்கள். அவளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. தங்கையின் புருஷன் பாவுக்காரர். நெடுக்கு நூலைத் தறியில் ஏற்றிக் கட்டுகிறவர். அவர் ஒரு யோசனை சொன்னார். துணி வாங்குகிற பெரிய மனிதர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் உள்ளே நுழைகிற நேரம் மொத்தத் தறியும் நிற்க வேண்டும். அதற்கு எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. யார் கையாவது மிஷினில் மாட்டினால் ஒரு சிவப்புத் துணியைத் தூக்குவார்கள். அதைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் அவரவர் தறியை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். பாவுக்காரர் அந்தத் துணியைத் தூக்குவார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தது ஐந்தே பேருக்கு: பாவுக்காரர், அவர் பெண்டாட்டி, ஜாபர், நாலுதறி, அப்புறம் சங்கத்துச் செயலாளர்.

பகல் பதினோரு மணிக்கே பாவுக்காரரைக் கேட் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பையிலிருந்த சிவப்புத் துணியை மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அதோடு அவர் மில்லுக்குள் கால் வைக்கவில்லை. வந்தவர்கள் இரண்டு மணிக்கு வந்து, இருநூறு தறியும் ஓடுவதைப் பார்த்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

காட்டிக்கொடுத்தது யார்? ஜாபர்தான் மேஸ்திரியோடு சேர்ந்து டீ குடிக்கிறவர். அடுத்த வருஷம் அவருக்குச் சம்பளமும் கொஞ்சம் கூடியது. வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்? பாவுக்காரர் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்து, நாலு வருஷம் முன்னால் செத்துப்போனார். சாவுக்குப் போன ஜாபரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். மழையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்.

நாலுதறி ஊர் முழுக்கப் புருஷனுக்காக வாதாடினாள். ஆனால் பதினோராவது வருஷமோ பன்னிரண்டாவது வருஷமோ, ஏதோ ஒரு சண்டையில், அவளே கேட்டுவிட்டாள்: "ஒருவேளை நீங்கதான் சொன்னீங்களோ?" ஜாபர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குழம்பு தீயுது பாரு" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல். மில் வாசலில் பழைய டைம் ஆபீஸ்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கால் தானாகப் போய் அங்கே நின்றிருக்கிறது.

"நாலுதறி, ரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

"போட்டுக்கோங்க. அரை நாள் கட் பண்ணிக்கோங்க. நீங்க பண்ணாத கட்டா?"

"உள்ள போய்ப் பாரு. என் ஆபீசுல டிக்கெட் குடுக்கறாங்க. என் ஜன்னலு! அதுல ஒரு சின்னப் பொண்ணு உக்காந்து எல்லாரையும் பார்த்துச் சிரிக்குது. நான் அந்த ஜன்னல்ல உக்காந்து ஒருத்தரைப் பார்த்துச் சிரிச்சிருப்பேனா?"

"சிரிச்சிருந்தா நாங்க பயந்து ஓடியிருப்போம்."

உள்ளே ஏசி குளிர். நாலுதறி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காற்று காய்ந்தால் நூல் அறும் என்று நாள் பூராவும் நீராவியை விட்டு, மனிதர்களைப் புழுங்கவைத்த இடம் அது. தண்ணீர் சொட்டுகிற குழாய்களுக்குக் கீழே நின்றுதான் நெய்தார்கள். இப்போது பெயின்ட் வாசனை. எண்ணெயும் கஞ்சியும் வியர்வையும் கலந்த அந்த நாற்றத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். தரைகூட வழுக்கவில்லை.

மெழுகில் ஒரு நெசவுக்காரியைச் செய்து தறி பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நகமெல்லாம் முழுசாக, இடுப்பு நேராக.

"இவ எந்த ஷிப்டு?" என்றார் ஜாபர் உரக்க. காது கேட்காதவர் குரல் எடுத்தால் அறை அதிரும். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா," என்றாள் உதட்டால்.

"தறிக்கு அந்தப் பக்கமா நிக்கறா. நூல் அறுந்தா பக்கத்து ஊருக்குப் போய்த்தான் எடுக்கணும்."

ஓர் இடத்தில் பித்தான் வைத்திருந்தார்கள், அழுத்தினால் தறிச் சத்தம் கேட்குமாம். அழுத்தினாள். தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். சுற்றிக் காட்டுகிற பெண் ஓடி வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு, சுறுசுறுப்பான பெண்.

"எப்படிம்மா இருக்கு? இப்படித்தான் இருக்குமா சத்தம்?"

"இந்தச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வரும்மா," என்றாள் நாலுதறி. அந்தப் பெண் பாராட்டு என்று நினைத்து எழுதிக்கொண்டது.

தங்கையை எங்கும் காணோம். டீயும் பன்னும் கொடுக்கிற இடத்தில் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து, இன்னும் இருக்கிறாயா என்ற மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நாலுதறிக்குக் கால் வலித்தது. பக்கத்து அறையில் விளக்கை அணைத்து ஏதோ படம் ஓடியது. மூன்று பெஞ்சு, ஆள் இல்லை. புருஷனை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

"இது நாலு நிமிஷப் படம். முடிஞ்சா மறுபடி ஆரம்பிக்கும்," என்றாள் கூடவே வந்த பெண். "மேனேஜர் பங்களா அலமாரியில கிடைச்சது. துணி வாங்கறவங்க வந்த அன்னிக்கு மில்லுக்காரங்களே எடுத்தது. சத்தம் கிடையாது."

திரையில் கேட் வந்தது. புகைபோக்கி வந்தது. பஞ்சு மூட்டைகளை இறக்கினார்கள். பிறகு தறிக்கூடம். நீள நடை, இரண்டு பக்கமும் தறி. காமிரா மெல்ல உள்ளே போனது. தலையில் துணி கட்டி, கன்னத்தில் பஞ்சு ஒட்டி, ஒல்லியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

நாலுதறி அது யார் என்று ஒரு கணம் பார்த்தாள். அவள்தான். இருபத்தெட்டு வயசு. அடியில், 'வேலைக்கு நடுவே சிரித்துப் பேசும் பெண் தொழிலாளர்கள்' என்று எழுத்து வந்தது.

திரையில் இருந்த அவள் எதிர்த் தறிப் பெண்ணிடம் பேசினாள். எதிர்த் தறிப் பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. வேறு மில்லில் நெய்துவிட்டு அந்த வாரம்தான் இங்கே சேர்ந்த புதுப் பெண் அது; உதட்டுப் பேச்சு தெரியும், இந்த மில்லின் சிவப்புத் துணி வழக்கம் தெரியாது. நாலுதறி தன் உதட்டைத் தானே படித்தாள். முகத்துக்கு நேரே நின்று யாரோ பேசுவது போல அவ்வளவு தெளிவு. பேசி முடிக்கிற வரைக்கும், நடைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது தூணில் சாய்ந்துகொண்டு மேஸ்திரி அவள் வாயையே பார்த்தபடி இருந்தான். முடிந்ததும் தூணை விட்டு நிமிர்ந்து படத்திலிருந்து வெளியே போனான்.

ஒரு நாளில் அந்த மாதிரி நூறு பேச்சு பேசுவார்கள். தறிக்கு நடுவில் உதட்டில் வந்ததை யாரும் பேச்சாகவே நினைத்ததில்லை. சத்தமே இல்லாதது எப்படி நினைவில் நிற்கும்? நான் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று தங்கை வீட்டு வாசலில் நின்று அவள் சத்தியம் செய்தபோது, அது பொய் என்று அவளுக்கே தெரியாது. மேஸ்திரிக்கும் ஆறு மாச வேலை ஆனவன் கண் உண்டு என்பதையும் அவள் யோசித்ததில்லை.

திரும்பினாள். ஜாபர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் உதட்டால்.

"அன்னிக்குச் சாயந்திரமே தெரியும். மேஸ்திரி சொன்னான். உன் வீட்டுக்காரிக்கு உதடு ரொம்பத் தெளிவு, தூணுகிட்ட நின்னே படிச்சுட்டேன்னு சிரிச்சான்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லி?"

"என் மேல போயிருக்குமே."

"என்னைத் திட்டினா, கொஞ்ச நாள்ல அக்கா தங்கச்சி நீங்க ஒண்ணாயிடுவீங்கன்னு பார்த்தேன். வெளியாள்தானே நான்." "நீங்க ஆகலை. அப்புறம் எப்பச் சொல்றது? எந்திரி. அவ வந்து பார்க்கறதுக்குள்ள போயிடலாம்."

எழுந்திருக்கத்தான் போனாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. பெஞ்சைப் பிடித்து நிமிர்வதற்குள் கதவு திறந்தது. டைம் ஆபீஸ்காரர் குரல், "இங்க வந்து உக்காரும்மா, இங்க கூட்டமில்லை" என்றது. தங்கை உள்ளே வந்தாள். இருட்டில் யார் என்று தெரியாமலே அக்கா இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். ஜாபர் சத்தமில்லாமல் பின் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

கேட், புகைபோக்கி, மூட்டை. தறிக்கூடம்.

"அட," என்றாள் தங்கை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான். பிறகு வெளிச்சத்தில் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தாள். எழுந்து போவாள் என்று நாலுதறி காத்திருந்தாள். அவள் போகவில்லை. திரையில் இருந்த பெண்ணையும் பக்கத்தில் இருந்த கிழவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எடுத்ததா இது?"

முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் பேச்சு.

"அன்னிக்குக் காலையில."

"நீ எலும்பும் தோலுமா இருக்கே." திரையைக் காட்டி, "யார்கிட்ட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறே? என்ன சொல்றே அதுல?"

தங்கை மில்லில் இருந்தாள்தான், ஆனால் மடிப்பு அறையில். அங்கே மேஜை, துணி, அமைதி. உதட்டுப் பேச்சு அவளுக்கு வரவே வராது. கல்யாணமான புதுசில் அக்காவும் மாமாவும் அவளுக்கு எதிரிலேயே உதட்டால் அவளைக் கேலி பேசுவார்கள். அவள் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள்.

நாலுதறி நிமிர்ந்து பார்த்தாள். தங்கையின் தலைக்கு மேலே, சுவரோரம், ஜாபர் உதட்டை அசைத்தார். "சொல்லாதே."

படம் முடிந்து திரை வெறும் வெளிச்சமாக நின்றது.

"புதுப் பொண்ணுகிட்ட எதுவோ..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதே," என்றது மறுபடி ஜாபரின் உதடு. "இன்னும் ஆறு நாள்ல போயிடப் போறா. பேசிட்டாள்ல? போதும், விடு."

மறுபடியும் கேட். புகைபோக்கி. பஞ்சு மூட்டை இறக்குகிறவன் தும்முகிறான். நாலுதறி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நடை வந்தது, தறி வந்தது, அவள் வந்தாள். திரையில் வாய் திறந்ததும் பெஞ்சில் இருந்தவளும் வாய் திறந்தாள், இந்தத் தடவை குரலோடு. அச்சாகச் சேர்ந்து போனது இரண்டும்.

"இந்தாடி பொண்ணே, ரெண்டு மணிக்கு துணி வாங்கறவங்க உள்ள வருவாங்க. வந்ததும் என் தங்கச்சி வீட்டுக்காரர் சிவப்புத் துணியைத் தூக்குவாரு. தூக்கினா தறியை நிறுத்திடு. பயப்படாதே, யாருக்கும் அடிபடலை. சும்மாதான். நீ புதுசு, உனக்குத் தெரியாது. எல்லாரும் நிறுத்தி நீ மட்டும் ஓட்டிக்கிட்டு நின்னா உன்னைத்தான் பேசுவாங்க. அதான் சொல்றேன்."

திரையில் அவள் சிரித்தாள். பெஞ்சில் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பக்கம் மூணாவது தூணுல நிக்கறது மேஸ்திரி," என்றாள் நாலுதறி. "படிச்சுட்டுப் போறான் பாரு."

தங்கை பார்த்தாள். படம் முடிந்து மறுபடி ஆரம்பித்தது. அதையும் முழுசாகப் பார்த்தாள். மேஸ்திரி நிமிர்ந்து வெளியே போகிற இடத்தில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள், துணியில் பழுது தேடுகிற மாதிரி. மடிப்பு அறைக்காரிக்கு அந்தக் கண் போகாது.

கதவோரம் நோட்டோடு நின்ற அந்தச் சுற்றிக் காட்டுகிற பெண்ணுக்கு இருப்பு கொள்ளவில்லை. "அம்மா, இந்தப் படத்தை நான் ஒரு இருநூறு தடவை பார்த்திருக்கேன். அவங்க என்ன பேசறாங்கன்னு யாருக்குமே தெரியலை. இன்னொரு தடவை சொல்றீங்களா? எழுதிக்கறேன்."

நாலுதறி தங்கையைப் பார்த்தாள்.

"எழுதிக்கோம்மா," என்றாள் தங்கை. "பெரிய எழுத்தா எழுதி சுவத்துல ஒட்டு. இருபது வருஷம் வண்டி ஓட்டினாரு அவரு. யாரு சொன்னான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

எழுந்தாள். அப்போதுதான் சுவரோரம் நின்றவரைக் கண்டாள். நேராக அவரிடம் போனாள். அவருக்கு எதிரே நின்று எதுவோ பேசினாள். நாலுதறிக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கைக்குட்டையைக் கசக்குவதும் தலை இரண்டு தரம் அசைவதும் தெரிந்தது. ஜாபரின் கண் தங்கையின் உதட்டில் இருந்தது. தறி அடியில் படுத்து எந்த ஆணி கழன்றது என்று தேடும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். கடைசியில் அவர், "அதுக்கென்னம்மா" என்றார். அறை அதிர்ந்தது. தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.

நாலுதறி அந்தப் பெண்ணுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதவைத்தாள். 'அடிபடலை' என்பதை அது 'அடிக்கலை' என்று எழுதியிருந்தது. அடித்துத் திருத்தச் சொன்னாள்.

வாசலில் டைம் ஆபீஸ்காரர், "என்ன, ஷிப்டு முடியறதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றார். தூறல் நின்றிருந்தது. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத்தான் இடம் கிடைத்தது, நடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது. அவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

"என்ன சொன்னா?" என்றாள் நடையைத் தாண்டி, உதட்டால்.

"மாமான்னு கூப்பிட்டா."

"அப்புறம்?"

"பாவுக்காரர் சாமான் பெட்டி வீட்டுல இருக்காம். கொக்கி, கத்தரி, எல்லாம் அப்படியே இருக்காம். மகனுக்கு அதெல்லாம் வேண்டாமாம். ஞாயித்துக்கிழமை காலையில வந்து எடுத்துட்டுப் போகச் சொன்னா. டீ குடிச்சுட்டுப் போகலாம்னா."

நடையில் நின்ற ஓர் ஆள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து மறைத்தான். நாலுதறி காத்திருந்தாள். அவன் இறங்கினான்.

"நம்மளையா?"

ஜாபர் அவளைப் பார்த்தார். அந்த உதடு பொய் சொல்லவும் தெரிந்த உதடுதான். முப்பத்தொன்பது வருஷம் சொல்லாமல் இருந்த உதடு.

"என்னை," என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு ஸ்டாப் போயிற்று. பிறகு மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீலச் சட்டை போட்டுக்கோங்க," என்றாள். "நாளைக்கே தேய்ச்சு வெச்சுடறேன். அந்தக் காது மிஷினையும் எடுத்து மாட்டிக்கிட்டுப் போங்க. அவ மெதுவாத்தான் பேசுவா."